இருபது லிட்டர் பலா வாசனை

என் வீட்டுக்காரர் பீப்பாயின் மரக்குழாயைத் திருகி அரை டம்ளர் பிடித்து என்னிடம் நீட்டினார். "குடிக்காத. மொதல்ல மோந்து மட்டும் பாரு" என்றார். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். வேப்பெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. எங்கோ ஓரத்தில் லேசாகத் தெரிகிற வாடை இல்லை. ஆட்டுப் புண்ணுக்குத் தடவ வைத்திருக்கும் பழைய எண்ணெய்ச் செம்புக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்த்ததும் அவருக்கும் கண் கலங்கியது. "வருதுல்ல திலகா? மேல பலாச்சுளை. அதுக்குக் கீழ தேன். கடைசியா அந்த மரம். நான் காலையிலயே மோந்து பாத்துட்டேன். நீ சொல்லட்டும்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"வருதுங்க" என்றேன். மூன்று வருஷமாக அவருக்கு மூக்கு நான்தான். நான் சொன்ன முதல் பொய் அது.

என் வீட்டுக்காரர் வெற்றிசெல்வன் பெங்களூரில் ஒன்பது வருஷம் பீர் காய்ச்சியவர். எங்கள் வடகாடு பக்கம் இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? கூல்டிரிங்க்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். கல்யாணமாகிப் போன முதல் வாரம், ஆள் உயரத்துக்குப் பளபளவென்று நிற்கிற பாத்திரங்களுக்கு நடுவில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "இதுதான் என் கூல்டிரிங்க்ஸ்" என்றார். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது. அவர் வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் நிற்காது. முளைகட்டிக் காய வைத்த பார்லியை ஒரு கை அள்ளி மூக்கில் வைப்பார், "இது போன மழையில நனைஞ்ச மூட்டை" என்பார். விசாரித்தால் நனைந்த மூட்டையாகத்தான் இருக்கும். நான் காலையில் என்ன தாளித்தேன் என்று சாயங்காலம் என் முந்தானையை மோந்து சொல்லிவிடுவார். இந்த மனுஷனிடம் எதையும் மறைக்க முடியாதே என்று நான் சலித்துக்கொண்ட காலம் உண்டு.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது அவருக்கு ஐந்து நாள் காய்ச்சல். காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. எல்லாருக்கும் போனதுதான், எல்லாருக்கும் பத்து நாளில், ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. இவருக்கு வரவில்லை. வேலை போய்விடும் என்று நாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் ஓட்டினார். ஒரு நாள் ஒரு பெரிய தொட்டி முழுவதும் கெட்டு அழுகின முட்டை வாடை அடித்திருக்கிறது. இவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். குடிக்க வந்தவர்கள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு ஊருக்குத் திரும்ப நான் சாமான் கட்டினேன்.

கார்த்திகா அந்த மார்கழியில் பிறந்தாள். குழந்தையைக் கையில் வாங்கி அதன் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. மோந்து மோந்து பார்த்து ஒன்றுமே தெரியாமல் நிற்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. திருச்சி டாக்டர் நாலு சின்னப் பாட்டில் கொடுத்தார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம். தினமும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றையும் மோந்து, அந்த வாசனையை மனதில் நினைத்துப் பார்க்க வேண்டும். வந்தாலும் வரும் என்றார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் தைலமரக் காடு. மழை பெய்தால் ஊரே தைலம் மணக்கும். அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, விரல் நீளப் பாட்டிலைத் திறந்து இந்த மனுஷன் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு அழுகையும் வரும், ஆத்திரமும் வரும்.

சித்திரையில் ரகுநாத் போன் செய்தார். பெங்களூரில் இவரோடு வேலை பார்த்தவர். பாண்டிச்சேரியில் சொந்தமாக ஓர் இடம் ஆரம்பிக்கிறாராம். "உங்க ஊருப் பலாப்பழத்துல ஒரு ஏல் பண்ணு வெற்றி. ஓக் மரப் பீப்பாய்ல ஊற வச்சுக் குடு. நல்லா வந்துச்சுன்னா என் இடத்துல பீர் காய்ச்சுற பிரூவர் நீதான்" என்றார். ஏல் என்றால் பீரில் ஒரு வகை, கொஞ்சம் கனமாக, பழ வாசனையோடு இருக்கும். மூக்கு இல்லாமல் எப்படிச் செய்வாய் என்று அவரே கேட்டிருக்கிறார். "என் பொண்டாட்டிக்கு இருக்கு" என்று இவர் சொன்னார். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

வீட்டில் பீர் காய்ச்சினால் போலீஸ் அதைச் சாராயக் கேஸாகத்தான் எழுதும். பின்கட்டு அறையின் ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்தோம். மாமாவிடம் பழ வினிகர் என்று சொன்னோம். மாமா என்றால் என் மாமனார், கண்ணுசாமி. கஜா புயலில் நாற்பது பலா மரம் ஒரே நாளில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவர். மிச்சம் நின்றது மூன்று மரம். மகன் பெங்களூரில் என்ன வேலை பார்த்தான் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துபோனதிலிருந்து இருவருக்கும் நேருக்கு நேர் பேச்சு இல்லை. "அவனச் சாப்பிடச் சொல்லு ஆத்தா" என்று என் வழியாகத்தான் எல்லாம் போகும், வரும். வினிகர் என்றதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பின்கட்டு வாசலில் ஐந்து வருக்கைப் பலாப்பழம் இருந்தது. எல்லாம் மரத்தில் விட்டுப் பழுக்க வைத்தவை, சந்தைக்குப் போகாதவை.

பிரியாணி அண்டாவில்தான் காய்ச்சினோம். ஆனி மாதம், ஊர் முழுக்கப் பலாப்பழம் நாறுகிற காலம் என்பதால் எங்கள் வீட்டு வாசனை தனியாக யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சி ஆற வைத்துப் பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி ஈஸ்ட் போட்டதும், டிரம்மின் மூடியிலிருந்து போன குழாய் பக்கத்துத் தண்ணீர்ப் பாட்டிலில் பொளக் பொளக் என்று குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது. தினமும் இரண்டு வேளை நான் மோந்து சொல்ல வேண்டும். ஒரு நோட்டில் அப்படியே எழுதிக்கொள்வார். "ஈர வைக்கோல்" என்பேன். "காயப் போட்ட மெத்தை" என்பேன். "பால் பொங்கி வழிஞ்ச அடுப்பு" என்று ஒரு நாள் சொன்னபோது துள்ளி எழுந்து டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்குப் போர்த்தி இரண்டு டிகிரி சூட்டைக் குறைத்தார். சுளைகளைப் போட்ட நாலாவது நாள் ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் விட்டேன். பிறந்ததிலிருந்து மதுவைத் தொடாதவள் நான். அது கசந்தது, பிறகு இனித்தது, பிறகு ஆனி மாதத்து மத்தியானம் முழுவதும் வாய்க்குள் வந்து உட்கார்ந்தது. இதைச் சொல்லத் தெரியாமல், "நல்லா இருக்குங்க, ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். நோட்டில் அதையும் எழுதினார். பிழைத்துக்கொள்வோம் என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

மறுவாரம் மீமிசலில் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துபோனது. கார்த்திகாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், இருபத்தைந்து நாள் அங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது. ரகுநாத் அனுப்பிய பீப்பாய் நான் இல்லாதபோதுதான் லாரியில் வந்து இறங்கியது. முன்பு விஸ்கி இருந்த இருபது லிட்டர் பீப்பாய். அதில் பீரை மாற்றி ஊற்றிய அன்று எனக்குப் போன் வந்தது. அவர்தான். "திலகா, வந்துருச்சு. ஊத்தும்போது வந்துருச்சு. பலாச்சுளை வாசனை. ஒரு நிமிசம், அதுக்கு மேல இருக்காது. ஆனா வந்துச்சு. நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு வா" என்றார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

திரும்பி வந்த அன்று கார்த்திகாவை என் இடுப்பிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, தலையில் முகத்தைப் புதைத்து, "பால் வாசனை" என்றார். கார்த்திகாவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. மீமிசல் பஸ்ஸில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்திருந்தாள், அவள் தலையில் கருவாடு நாறிக்கொண்டிருந்தது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் கொஞ்சமாகத்தானே திரும்பும், முன்னே பின்னே இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாலு பாட்டில்களையும் கழுவிக் கார்த்திகாவுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். ரகுநாத்துக்குப் போன் செய்து, மூக்கு வந்துவிட்டது, நேரில் வந்து குடித்துப் பார் என்று சொல்லிவிட்டார். ஆவணி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் அந்தக் குழாயைத் திறந்து டம்ளரை என்னிடம் நீட்டினார்.

அன்று மத்தியானம் மாமா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். "மாமா, அந்தப் பீப்பாய்க்கு ஏதாச்சும் பூசுனீங்களா?" என்றேன்.

மாமா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. "எப்புடிக் கண்டுபிடிச்ச? வந்து எறங்குனப்ப மரம் காஞ்சு வெரிசல் விட்டுக் கெடந்துச்சு ஆத்தா. மரச்சாமானுக்கு எண்ணெ காட்டாம வைக்கலாமா? உளுத்துப் போயிரும்ல. அவன் ஆலங்குடிக்குப் போயிருந்தான். வேப்பெண்ணெயச் சுட வச்சு உள்ளுக்க ஊத்தி, அங்கிட்டும் இங்கிட்டும் உருட்டி, ரெண்டு நாள் வெயில்ல போட்டு எடுத்தேன். இனிமே ஒரு வண்டு அண்டாது. அவங்கிட்டச் சொல்லிராத. அவன் காரியத்துல நான் தலையிட்டேன்னு நெனப்பான்."

எங்கள் பக்கம் கலப்பை வந்தாலும், கதவு நிலை வந்தாலும், உலக்கை வந்தாலும் முதலில் எண்ணெய் காட்டுவோம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மகனோடு பேசாத மனுஷன், வாயால் சொல்ல முடியாததை எண்ணெயாகச் சுட வைத்து ஊற்றியிருக்கிறார். "சரி மாமா" என்று வந்துவிட்டேன். வெந்நீர் விட்டு அலசும்போது எண்ணெய் மிதந்ததை என் வீட்டுக்காரரும் பார்த்திருக்கிறார். நோட்டில் எழுதியிருந்தது. 'பழைய விஸ்கிப் பிசுக்கு. மூன்று தடவை வெந்நீர்.' அதற்கு அடுத்த வரியில், பெரிய எழுத்தில், 'பலா வாசனை வந்தது' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். வேப்பெண்ணெய் வாடை ஆளைத் தள்ளுகிற பீப்பாய் முன்னால் உட்கார்ந்துகொண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோதித்துப் பார்த்தேன். செய்யக்கூடாததுதான், செய்தேன். அவர் அடுப்படி வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து நியூஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பாலைப் பொங்க விட்டேன். வழிந்து, கருகி, புகை அவர் தோளைத் தாண்டிப் போனது. அவர் பக்கத்தைப் புரட்டினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, தலையில் வைத்திருந்த மல்லிகைப் பூவோடு அவர் முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்து மூச்சை இழுத்து, "மல்லிகை நல்லா வருது திலகா" என்றார். கண்ணால் பார்த்ததை எல்லாம் மோந்துகொண்டிருந்தார் மனுஷன். அடுப்படிக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமை இரண்டு தடவை பக்கத்தில் போனேன். அவர் பீப்பாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாகப் பாடாத வாய். பீர் கெட்டது என்று சொல்லலாம். உங்களுக்கு மூக்கு வரவே இல்லை என்று எந்த வாயால் சொல்வது? ரகுநாத் வந்தால் டம்ளரை வாயருகே கொண்டுபோக வேண்டியதுகூட இல்லை, குழாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். பெங்களூரில் கெட்டுப்போன அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆள் அவர். இரண்டாவது தடவையும் அவர் முன்னாலேயே இவர் தலைகுனிந்து நின்றால் பிறகு எழுந்திருக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். பீர் போனால் போகட்டும், மூன்று மரம் இருக்கிறது, அடுத்த சித்திரையில் காய்க்கும். மூக்கு வந்தது என்ற நினைப்பு போய்விட்டால் அடுத்த சித்திரை என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, ரகுநாத்தைக் கூட்டி வர ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு பைக்கில் போனார். பைக் சத்தம் தேய்ந்ததும் பீப்பாயை உருட்டிப் பின்வாசலுக்குக் கொண்டுவந்து, தென்னைப் பாத்தி ஓரத்தில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். பொன் நிறமாக வந்தது. அவ்வளவு அழகான நிறம். நுரை கட்டிச் செம்மண்ணில் இறங்கியது. வாடை எழும்பி வாசல் முழுவதும் பரவியது. மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து மாமா வந்தார். என்னைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். குனிந்து ஒரு விரலால் தொட்டு மூக்கில் வைத்தார். விரலை எடுக்கவே இல்லை. "எண்ணெ" என்றார். "ஆமா மாமா" என்றேன். "குடிக்கிறதா இதுக்குள்ள இருந்துச்சு? வினிகருன்னு சொன்னீங்க, அதுவும் டிரம்முல கெடக்குன்னுல்ல நெனச்சேன். இது சும்மா வைக்கிற சாமான்னு..." எழுபது வயது மனுஷன் என் முன்னால் நின்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவருக்கு வாசனை வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு மாமா. அது மட்டுமாச்சும் இருக்கட்டும்" என்றேன். அதற்குமேல் விளக்கவில்லை. மாமா கொட்டகைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துவந்து, பீப்பாயின் இரும்பு வளையத்தை ஓரத்தில் தட்டித் தட்டிக் கழற்றினார். பலகைகள் வாய் பிளந்தன. தானாக விட்டுப்போனது போலத்தான் இருந்தது. ஒரு அடி அவர் விரலில் விழுந்தது. வலித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பைக் வந்தது. ரகுநாத் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. இறங்கியதும் முகத்தைச் சுளித்தார். "வளையம் விட்டுப் போச்சுங்க, நான் பாக்கயில எல்லாம் போயிருச்சு" என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சுதான். என் வீட்டுக்காரர் பைக்கை ஸ்டாண்டு போடாமலே விட்டார், அது சாய்ந்து விழுந்தது. பாத்தி ஓரத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு நிறைய இழுத்தார். முகம் தெளிந்தது. "ரகு, போச்சுடா. ஆனா இங்க வந்து மோந்து பாரு. மண்ணுல கூட நிக்கிது பாரு சுளை வாசனை" என்றார்.

ரகுநாத் கர்சீப்பை மூக்கில் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தார். ரகுநாத் கர்சீப்பை மெதுவாக மடித்துப் பையில் வைத்தார். "வருது வெற்றி" என்றார். "நல்லாவே வருது."

எனக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதான், முடிந்தது, சமாளித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் பைக் விழுந்த சத்தம் கேட்டுக் கார்த்திகா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவள் கையில் அந்தப் பாட்டில்களில் ஒன்று இருந்தது. அவளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குட்டி, இங்க வா. அப்பா பண்ணுனது. மோந்து பாரு, நம்ம பலாப்பழம்" என்று மண் அள்ளிய கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கார்த்திகா ஆசையாகத்தான் குனிந்தாள். பிறகு பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "அய்யே, ஆட்டு மருந்து" என்றாள்.

அவர் பிள்ளையைப் பார்த்தார். ரகுநாத்தைப் பார்த்தார், தன் அப்பாவைப் பார்த்தார். கடைசியாக என் முகத்துக்கு வந்து, வழக்கமாக நான் மோந்து சொல்வதற்காகக் காத்திருப்பாரே, அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. விரல் இடுக்கு வழியாகச் செம்மண் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.